முதல் வீட்டை வாங்கி முழுசாப் புதுப்பிச்சப்போ நடந்தது: டெல்டாக்காரங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குடந்தை வெற்றிலை

2028 மகாமகத்துக்குள்ள வாடகைக்கு விடுற மாதிரி ஆக்கிடலாம்னு கும்பகோணத்துல ஒரு ரெண்டு கட்டு ஓட்டு வீடு வாங்கினேன். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில கிணறு. எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி வீடுதான், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ரிப்பேருக்குப் பன்னெண்டு லட்சம் ஒதுக்கியிருந்தேன். வீட்டைப் பாக்க வந்த வயசான கொத்தனார், "லிஸ்ட்டைப் படிங்க தம்பி"ன்னார். டைல்ஸ், பாத்ரூம், கிச்சன் மேடை, பால்ஸ் சீலிங், பெயிண்ட்னு படிச்சேன். கேட்டுக்கிட்டே மடியிலேருந்து சாவியை எடுத்துக் கூடத்துச் சுவரைக் கீறினார். வெளிய ஒரு இஞ்சுக்குச் சுண்ணாம்புக் காரை. அதைத் தாண்டினா செங்கலுக்கு நடுவுல வெறும் களிமண் சாந்து, பொலபொலன்னு கொட்டுது. அப்புறம் உத்திரம் சுவர்ல உக்கார்ற இடத்தை அண்ணாந்து பார்த்தார், ரொம்ப நேரம். "பால்ஸ் சீலிங் எதுல தொங்கப் போவுது?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள தன்னோட எக்ஸெல் வண்டியைக் கிளப்பிட்டார். ரேட் சொல்லல. போன் போட்டாலும் எடுக்கல.

வேற ஆள் சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசி அட்வான்ஸ் வாங்கியாச்சு. ஆனாலும் அந்தப் பெரியவர் ஏன் ஒரு ரேட் கூடச் சொல்லாமப் போனார்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

மாயவரத்தான் 2

கொத்தனார் கதை எனக்குத் தெரியாது. எனக்கு நடந்தது ரோட்டால.

எங்க தெருவுல ஒருகாலத்துல மூணு படி ஏறித்தான் திண்ணைக்குப் போகணும். பழைய தாரைச் சுரண்டாம அது மேலயே புதுசு போட்டுப் போட்டு, இப்போ ரோட்டுலேருந்து வீட்டுக்குள்ள இறங்கணும். ஐப்பசி மழைக்குச் சாக்கடைத் தண்ணி ரேழி வரைக்கும் வரும். அதனால பட்ஜெட்ல முதல் வரியே "தரை ஏத்துறது"தான். ரெண்டடிக்குக் கிராவல் கொட்டி, தண்ணி விட்டுத் திம்சுக் கட்டையால இடிச்சு இறுக்கி, மேல டைல்ஸ். பார்க்க அம்சமா இருந்துச்சு.

வீடு பார்க்க முதல்ல வந்தவர் ஒரு பேங்க் ஆபீசர், நல்ல உயரம். வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள கால் வச்சார், டங்குன்னு ஒரு சத்தம். நிலைப்படியோட மேல்கட்டையில நெத்தி. பழைய தேக்கு நிலை, அதோட உயரத்துல ரெண்டடி தரைக்குள்ள போயிடுச்சுல்ல. நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தார், தண்ணி குடிச்சார், வாடகை எவ்வளவுன்னு கேக்காமலே போயிட்டார். அப்புறம்தான் மத்ததும் கண்ணுல பட்டுச்சு. ஜன்னல் முழங்காலுக்கு வந்திருக்கு, ஃபேன் கைக்கு எட்டுது, சுவிட்ச் போர்டை இடுப்பு உயரத்துல தேட வேண்டியிருக்கு. ஒரு நிலையைத் தூக்கி வைக்கணும்னா மேல சுவரை உடைச்சு லிண்டல் போடணும். அப்படி ஆறு நிலை. தரைக்கு ஆனதை விட அதுக்கு ஜாஸ்தி கேக்கிறாங்க.

தேர் வடம்

ரெண்டடி யார் சார் ஏத்தச் சொன்னா? வாசல்ல ஒரு தடுப்புச் சுவர், சாக்கடைக்குப் பின்வாங்கி வராத வால்வு, முடிஞ்சுது. வெற்றிலை சார், அந்த உத்திரம் பர்மா தேக்கா இருந்தா பழைய மரம் வாங்குறவன்கிட்ட வித்துட்டு காங்கிரீட் போட்டுடுங்க. பாதி செலவு அதுலயே வந்துடும். நான் அப்படித்தான் செஞ்சேன், ஒரு தொந்தரவும் இல்ல.

பழைய ஓவர்சியர்

எல்லாரும் சின்னப் பிள்ளைங்களா இருக்கீங்க, அதான் எழுதுறேன். நீடாமங்கலத்துல மாமனார் வீட்டை நான்தான் கூட நின்னு புதுப்பிச்சேன். கார்த்திகையில ஓட்டைப் பிரிச்ச அன்னிக்கு ராத்திரியே மழை பிடிச்சுக்கிச்சு, விடிஞ்சு பார்த்தா கூடத்துல அண்டா மிதக்குது. மாமியார் அது மிதக்கிறதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அது கெடக்கட்டும்.

தேர் வடம் தம்பி சொல்றதைக் கேக்காதீங்க. களிமண் சாந்துச் சுவர் மேல காங்கிரீட் தளம் ஏத்துறது ஆபத்து. தளத்துக்குத் தனியா தூண் எழுப்பணும், அதுக்கு அஸ்திவாரம் தோண்டணும். நம்ம மண்ணு தண்ணியில உப்பும், வெயில்ல வெடிக்கும். மரம் வித்த காசு அந்தக் குழிக்கே பத்தாது.

முதல் தடவை வாங்குறவங்க வீட்டு விலையை மட்டும் பாக்குறாங்க. பத்திரச் செலவு 9 சதவீதம், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. முப்பது லட்சத்துக்கு வாங்கினா 2.70 லட்சம் அங்கயே போயிடும். அதை ரிப்பேர் காசுலேருந்து உருவினா கடைசியில பெயிண்ட் அடிக்கக் கடன் வாங்கணும்.

வேலையை மேலேருந்து கீழ எழுதுங்க. கூரை, சுவர், அப்புறம் தண்ணிக் குழாய், கழிவுநீர்க் குழாய், வயரிங், அதுக்கப்புறம் பூச்சு, தரை, கடைசியா பெயிண்ட். டைல்ஸ் கடைக்குப் போறது அஞ்சாவது மாசம் போகலாம். பழைய வீட்டுல கால்வாசிப் பணத்தை ஒரு பேரும் எழுதாமத் தனியா வைங்க, சுவரைத் தட்டினதும் அதுக்குப் பேரு தானா வந்துடும். ஓடு பிரிக்கிறதுன்னா தை பொறந்ததும் ஆரம்பிங்க, ஐப்பசி கார்த்திகையில கை வைக்காதீங்க. மேஸ்திரிக்குக் காசு கட்டம் கட்டமா, முடிச்ச வேலையை அளந்துட்டுக் கொடுங்க. சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்டுப் பூச்சு பூசாதீங்க. உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்துப் பொரிஞ்சு விழும். சுண்ணாம்பே பூசுங்க.

விக்கிறதுக்கு வாங்குறவங்க பில்லையெல்லாம் எடுத்து வைங்க. 24 மாசத்துக்குள்ள வித்தா லாபம் உங்க வருமானத்தோட சேர்ந்து ஸ்லாப்படி வரி, அதுக்கு மேல வச்சிருந்து வித்தா 12.5 சதவீதம். வீட்டை மேம்படுத்துன செலவைக் கழிச்சுக்கலாம், ஆனா கையில கொடுத்த கூலிக்கு வவுச்சர்ல கையெழுத்து இல்லன்னா ஆடிட்டர் உதட்டைப் பிதுக்குவார். 2025 செப்டம்பர் 22லேருந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 ஆயிடுச்சு, பழைய எஸ்டிமேட்டைக் காட்டினா பேரம் பேசுங்க.

சன்னதித் தெரு

இவ்வளவு எழுதின ஓவர்சியர் ஐயா, மனை யாருதுன்னு கேக்கச் சொல்லலியே.

எனக்கு வீடு பிடிச்சுது, விலை பிடிச்சுது, புதுப்பிக்கிறதுக்கு எஸ்டிமேட் கூட ரெடி. நாலு வாடகைப் போர்ஷன் கணக்கு. விக்கிறவர் காட்டின ரசீதுல "அடிமனை வாடகை"ன்னு இருந்ததை வீட்டு வரி மாதிரி ஏதோன்னு விட்டுட்டேன். லோன் கேக்கப் போன இடத்துல வக்கீல் அந்த ரசீதைத் தனியா எடுத்து மேஜை மேல வச்சு, விரலால தள்ளித் தள்ளி என் பக்கம் நகர்த்தினார். "கட்டடம்தான் அவரோடது, மனை கோயிலோடது. இதை அடமானமா வச்சு எங்களால கொடுக்க முடியாது." அவ்வளவுதான். அந்த விரல்தான் இன்னும் கண்ணுல நிக்குது.

கோயில் ஊர்கள்ல இது சகஜம். பதிவுச் சட்டத்துல 22-ஏ பிரிவு இருக்கு, கோயில் மனையை அனுமதி இல்லாமப் பதிய மாட்டாங்க. அறநிலையச் சட்டம் 34-ஏ பிரிவுப்படி வாடகையை மாத்தி நிர்ணயிப்பாங்க, இன்னிக்குக் கட்டுறதை வச்சுக் கணக்குப் போட முடியாது. நாலு தலைமுறையா அப்படியே நல்லா குடியிருக்கிறவங்க இருக்காங்க, அவங்களைக் குத்தம் சொல்லல. பத்து லட்சத்தைக் கொட்டிப் புதுப்பிச்சு லாபம் பாக்கிறவனுக்கு அது வேற கணக்கு. வெற்றிலை சார், உங்க மனை என்னன்னு பாத்துட்டீங்கதானே?

குடந்தை வெற்றிலை

பாத்துட்டேன் சார், பட்டா மனை. வக்கீல்கிட்ட மூலப்பத்திரம் வரைக்கும் காட்டினேன். நான் கேட்டது கொத்தனாரைப் பத்தி.

மன்னார்குடி மாலா

தம்பி, உங்க கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் காணும். எங்க வீட்டுக்கும் ஒருத்தர் அப்படித்தான் வந்து பாத்துட்டு வாயே திறக்காமப் போனார். எனக்கு அப்போ செம கோவம். பத்து நாள் கழிச்சு ராத்திரி பூரா மழை, காலையில காபி போடுறேன், மனுஷன் வாசல்ல நிக்கிறார். குடையை மடக்கி வச்சுட்டு நேரா உள்ள போய் ஒவ்வொரு சுவரா உள்ளங்கையை வச்சுப் பார்த்தார். ஈரம் இருந்த இடத்துலயெல்லாம் கரித்துண்டால கோடு போட்டார். சமையக்கட்டுச் சுவர்ல கீழேருந்து மூணடிக்கு ஒரு கோடு, மச்சுக்குக் கீழ ஒரு கோடு. "காய்ஞ்ச வீட்டைப் பாத்து ரேட் சொன்னா ஒண்ணு நான் ஏமாறணும், இல்ல நீங்க ஏமாறணும்மா"ன்னார். அந்தக் கோட்டை அளந்துதான் கணக்கே சொன்னார். உங்காளும் மழைக்குக் காத்திருந்தாரோ என்னவோ. அட்வான்ஸ் கொடுத்த ஆள்கிட்ட ஓட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மழையைப் பாக்கச் சொல்லுங்க.

ஓவர்சியர் ஐயாவுக்கு ஒண்ணு. சுண்ணாம்பே பூசுங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. சுண்ணாம்பைப் புளிக்க வச்சு அரைச்சுப் பூசத் தெரிஞ்சவங்க எங்க ஊர்ல ரெண்டு பேர்தான், ரெண்டு பேருமே கோயில் திருப்பணியில இருக்காங்க. ஒருத்தர் வர ஒத்துக்கிட்டப்போ அறுப்பு வந்துடுச்சு, சித்தாளுங்க பூரா வயலுக்குப் போயிட்டாங்க. மாசச் செலவு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அதையும் சேர்த்து எழுதணும் நீங்க.

கோடியக்கரை காத்து

வேதாரண்யம் பக்கம் 2018 நவம்பர் 16க்கு முன்னாடி புதுசா மாட்டின சீமை ஓடு எனக்கு. வேலை முடிஞ்சு ஒரு வாரம். கஜா புயல் அடிச்ச விடிகாலையில அடுத்த வீட்டுத் தென்னை எங்க முற்றத்துல படுத்திருக்கு, அதோட மட்டையில எங்க ஓடு ஒண்ணு உடையாம அப்படியே உக்காந்திருக்கு. ஒண்ணே ஒண்ணு. ஓடு மாட்டினவர் மறுவாரம் வந்து பாக்கிக் காசு கேட்டார், கொடுத்துட்டேன். அப்புறம் ஓட்டுக்கு விலை கேட்டா சொன்னதுதான் விலை. கடலோரத்துல வாங்குறவங்க கூரைக்கு ஒண்ணரைப் பங்கு வைங்க.

மாயவரத்தான் 2

தேர் வடம், உங்க தடுப்புச் சுவரைப் போன மழையில எதிர்வீட்டுக்காரர் வீட்டுல பாத்தேன். தண்ணி வாசல் வழியா வரல, தரைக்குள்ளேருந்து ஊறி வந்துச்சு.

நிலையைத் தூக்க எனக்குக் கட்டுப்படியாகல. நினைச்ச வாடகையில பாதிக்கு ஒரு உரக்கடைக்குக் குடோனா விட்டுட்டேன். மூட்டை தூக்குறவங்க எப்படியும் குனிஞ்சுதான் நுழையுறாங்க. ஓவர்சியர் ஐயா, யூரியா மூட்டை அடுக்கினா புதுத் தரையும் சுவரும் உப்பு பூக்குமா? கீழ மரப்பலகை போட்டாப் போதுமா?