புதுப்பிப்பு: செக்கு எண்ணெய்க் கடை விளம்பரத்துக்கு வெளியூர் கிளிக் – தீர்ந்தது

ஈரோட்டில் எங்கள் செக்கு எண்ணெய்க் கடைக்குக் கூகுள் விளம்பரம் கொடுத்தும் வெளியூர் கிளிக்தான் வருகிறது, ஆர்டர் இல்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, இட அமைப்பை (எந்த ஊர்க்காரர்களுக்கு விளம்பரம் காட்டுவது என்ற தேர்வை) பார்க்கச் சொன்னவரின் யோசனை. நாம் குறிக்கும் ஊரில் இருப்பவர்களோடு, ஊரின்மேல் ஆர்வம் காட்டுபவர்களும் அதில் இயல்பாகவே சேர்ந்திருந்தார்கள். இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றியதும் வெளியூர் கிளிக் மளமளவென்று குறைந்தது. பட்ஜெட்டை ஏற்றத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. எதைத் தேடியவர்களுக்கு விளம்பரம் தெரிந்தது என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்தால், நிறையப் பேர் 'செக்கு மெஷின் விலை' என்று தேடி வந்திருக்கிறார்கள்! அதனால் 'மெஷின்' என்பதை விலக்குச் சொல்லாக (அந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வராது) தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகச் சேர்த்தேன். 'விலை'யை விலக்காதீர்கள், எண்ணெய் விலை கேட்பவர்தான் வாங்குகிறார். இப்போது வரும் போன்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுடையவை.