வேதம் முழுமையானது என்றால், அதை வைத்துக் கதை எழுதலாமா?

கேள்வி: மலைச்சாரல் (பொகவந்தலாவை)

எங்கள் சபையின் கிறிஸ்மஸ் மலருக்கு ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமைதான் அடிப்படை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரு பணம். முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். என் கதை அதற்கு மறுநாள் காலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், தொடங்குகிறது. நேற்று முழுநாளும் வெயிலில் நின்ற பெண் இன்றைக்கும் நேரத்தோடு வருவாளா, இல்லை பின்னேரம் வரை லயத்து வீட்டில் இருந்துவிட்டு வருவாளா? கடைசியாக வந்தவர்கள் அதுவரை ஏன் சந்தியில் நின்றார்கள்? தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று மட்டும்தான் அவர்கள் சொல்கிறார்கள். ஏன் கூப்பிடவில்லை? என் கதையில் ஒருத்தி வயதானவள், கை நடுங்கும். இன்னொருத்தியின் இடுப்பில் பிள்ளை.

என் அம்மா காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அரைப்பேர் விழுந்த நாளில் அவர் வீட்டில் யாரோடும் பேச மாட்டார். ஒரு மணி நேரம் நின்றவளுக்கும் முழுப்பேர், முழுநாள் சம்பளம், போடுகிற ஒரு எஜமானைப் பற்றி இயேசு சொல்லியிருக்கிறார் என்பதை வாசித்துவிட்டு என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

சபை மூப்பர் ஒருவர் கதையைத் திருப்பிக் கொடுத்தார். வேதம் முழுமையானது, அதோடு எதையும் கூட்டக்கூடாது, வெளிப்படுத்தல் 22:18ஐ வாசி என்றார். அப்புறம், போடுவதென்றால் முறுமுறுத்தவர்கள் மனந்திரும்பியதாக முடித்துக் கொடு என்றும் சொன்னார். வேதம் முழுமையானது என்று நானும் நம்புகிறேன். கதை எழுதுவது அதோடு கூட்டுவதாகுமா?

பதில்: காலைத்தியானம் (பண்டாரவளை)

சகோதரி, மூப்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உபாகமம் 4:2இலும் அதே எச்சரிப்பு உண்டு. குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளைப் பாருங்கள். மத்தேயு அவர்களை ராஜாக்கள் என்று சொல்லவில்லை. மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. காஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் அங்கே கிடையாது. ஆனால் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டால் மூன்று ராஜாக்கள் என்றுதான் அடித்துச் சொல்வார்கள். எல்லாம் நல்ல மனதோடு போட்ட நாடகங்களால் வந்தது. எது வசனம், எது கதை என்று பிள்ளைகளுக்கு யார் பிரித்துச் சொல்வது? இன்னொன்று, தோட்டத்துரை உருவத்தில் ஆண்டவரைக் காட்டினால் நம் சனங்கள் மனது எப்படி ஏற்கும்?

பதில்: பழைய வாத்தியார் (ஹட்டன்)

மகள், நான் கத்தோலிக்கன், ஓய்வுபெற்ற ஆசிரியர். உங்கள் வேதாகமத்தில் 66 நூல்கள், எங்களுடையதில் 73. எத்தியோப்பியத் திருச்சபையார் 81 என்று எண்ணுகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் ஏனோக்கு நூல் நம் இருவரிடமும் இல்லை. ஆனால் யூதாவின் நிருபம் அதிலிருந்து எடுத்துச் சொல்கிறது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று இருக்கிறபடியே பட்டியலிட்டு அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் மடல் எழுதியது 367இல். 'இந்தப் புத்தகத்தோடு கூட்டாதே' என்று யோவான் வெளிப்படுத்தலில் எழுதிய காலத்தில் ஒரே கட்டாக வேதாகமம் என்று ஒன்று இருக்கவில்லை. தன் தீர்க்கதரிசனத்தைப் படியெடுப்பவர்கள் கை வைத்துக் கெடுத்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு. விசுவாசத்துக்கு வேண்டியது குறைவில்லாமல் இருக்கிறது என்றுதான் நான் முழுமையை விளங்கிக்கொள்கிறேன். நடந்ததெல்லாம் எழுதப்படவில்லை என்று யோவான் நற்செய்தியின் கடைசி வசனமே சொல்கிறது.

தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு நாங்கள் மலையிலிருந்து பஸ் பிடித்துப் போகிறோம். அந்த அன்னம்மாளின் பெயர் எங்கள் 73 நூல்களில் எங்குமே மாதாவின் தாயாகச் சொல்லப்படவில்லை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு நூலிலிருந்து வந்தது. திருச்சபை அந்த நூலை வேதத்தில் சேர்க்கவும் இல்லை, அன்னம்மாளைக் கைவிடவும் இல்லை. மாதாவின் கணவர் சூசையப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நற்செய்திகளிலும் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவரைத் தலைவனாக வைத்து வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை முடித்தார், 3615 பாட்டு. அதைப் படித்து யாரும் வேதத்தைக் குழப்பிக்கொள்ளவில்லை. காவியம் என்று தெரிந்துதான் படிக்கிறோம்.

ஆகவே வேதம் பேசாமல் விட்ட மனிதரைப் பேச வையுங்கள். ஆண்டவர் வாயில் புதுக் கட்டளை எதையும் வைக்காதீர்கள். எனக்குப் பயமாக இருப்பது மூப்பர் கேட்கிற அந்த முடிவுதான். 'நான் நல்லவனாய் இருப்பதால் உனக்குப் பொறாமையா' என்று எஜமான் கேட்கிறார். முறுமுறுத்தவன் சொன்ன பதில் எழுதப்படவில்லை. லூக்கா 15இல் வரும் கெட்ட குமாரன் உவமையிலும் தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார், மூத்த மகன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவே இல்லை. கேட்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் திறந்து விட்டதை நாமாக எழுதி மூடினால், கூட்டுவது அதுதான்.

பதில்: காலைத்தியானம்

வாத்தியார் ஐயா, அன்னம்மாள் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, நூல் வேதத்தில் சேராதென்றால் அதன் செய்தியையும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் முடிவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. உவமைக்கு வால் ஒட்டத் தேவையில்லை.

பதில்: மலைச்சாரல்

சேர், அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணன் பயப்படுகிற மாதிரி என் கதையில் துரை கிடையாது. உவமையில் எஜமானே விடியற்காலை, மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணி என்று ஐந்து தடவை சந்திக்கு நடந்து வருகிறார். கங்காணியை அனுப்பாமல் தானே வந்து ஆள் தேடுகிற துரையை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை, அதனால் அவர் துரை இல்லை என்று வாசிக்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். பிள்ளைகள் குழம்பாமலிருக்க, கதைக்கு முன்னால் மத்தேயு 20:1-16ஐ முழுதாக அச்சிடும்படி கேட்கப்போகிறேன். முடிவை மாற்ற மாட்டேன். மூப்பர் சம்மதிக்காவிட்டால் மலரில் வராது. அப்படியென்றால் கதையை இங்கேயே போடுகிறேன், நீங்கள் இருவரும் வாசித்துச் சொல்ல வேண்டும்.