பென்னி பங்குகளில் மாலையில் வந்து விழும் பெரிய பதிவுகள்: மார்க்கெட் மேக்கர் எதையாவது மறைக்கிறாரா?

கேள்வி: கரையோரன்

அமெரிக்க ஓடிசி சந்தையில் (பங்குச்சந்தைப் பட்டியலுக்கு வெளியே தரகர்கள் வழியாக நடக்கும் சந்தை) மூன்று சென்ட் அளவில் விலைபோகும் ஒரு பங்கை வைத்திருக்கிறேன். நேற்று 0.027 டாலரில் சந்தை முடிந்த பிறகு, நியூயார்க் நேரப்படி மாலை 4.12 மணிக்கு, 0.029 டாலரில் 18 லட்சம் பங்குகள் கைமாறியதாக ஒரே வரியில் பதிவு வந்தது. பக்கத்தில் ‘டி’ என்ற குறி இருந்தது. பகல் முழுவதும் கைமாறியதே 25 லட்சம்தான். யாரோ ரகசியமாக வாங்கிச் சேர்க்கிறார் என்கிறார்கள் சிலர். மார்க்கெட் மேக்கர் (வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் அறிவித்துத் தன் கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனம்) விலையை அமுக்குவதற்காக மறைத்து வைத்துக் காட்டினார் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

மறுமொழி: பழைய கணக்கர்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். வழக்கமான நேரமான காலை 9.30 முதல் மாலை 4 வரைக்கு வெளியே நடந்த பரிவர்த்தனை என்பதே ‘டி’ குறியின் பொருள். அது தாமதத்தின் அடையாளம் அன்று. ஓடிசி பங்குப் பரிவர்த்தனையைப் பத்து வினாடிக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்பது, அமெரிக்கத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ராவின் விதி. பகலில் நடந்ததை அதற்குப் பிறகு பதிவுசெய்தால் ‘இசட்’ குறி விழும்.

மாலையில் ஏன் இவ்வளவு பெரிய எண்? ஒரு நிதி நிறுவனம் 18 லட்சம் பங்கு வேண்டும் என்று கேட்டால், மார்க்கெட் மேக்கர் அதைப் பகலெல்லாம் சிறுகச் சிறுகத் தன் கணக்கில் வாங்கி, மாலையில் தன் லாபத்தையும் சேர்த்து ஒரே விலையில் கொடுத்துவிடலாம். விற்கச் சொல்லியிருந்தால் இதுவே தலைகீழாக நடக்கும். எனவே இறுதி விலையைவிடக் கூடுதலாகப் பதிவானதாலேயே அது ‘வாங்கல்’ ஆகிவிடாது. பகலில் விலை இறங்கியிருந்தால், விற்றவருக்குக் கிடைத்த சராசரியும் இறுதி விலைக்கு மேலேதான் நிற்கும்.

மறுமொழி: தென்றல்_77

மேலே சொன்னது சரி. ஆனால் எல்லாரையும் உத்தமர்களாக்கிவிட வேண்டாம். தக்க காரணமின்றித் தொடர்ந்து தாமதமாகப் பதிவுசெய்வதை ஃபின்ரா விதிமீறலாகவே கருதுகிறது.

இருந்தாலும், நம்மைப் போன்றவர்களின் பணம் கரையும் இடம் வேறு. வாங்குவோர் விலை 0.026, விற்போர் விலை 0.031 என்று இருக்கும்போது ஒரு லட்சம் பங்கை 3,100 டாலருக்கு வாங்கி அந்தக் கணமே விற்றால் 2,600தான் திரும்பி வரும். அதிலும் பத்து சென்டுக்குக் கீழுள்ள பங்குக்கு மார்க்கெட் மேக்கர் அறிவிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 10,000 பங்குகள் மட்டுமே, அதாவது இங்கே 310 டாலர். மீதி 90,000 பங்குகளையும் அதே விலைக்குத் தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு உடனே முடிக்கச் சொல்வது) போட்டுவிட்டுப் பிறகு மாலைப் பதிவைப் பார்த்துச் சந்தேகப்படுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலில் காவல் இருப்பது போன்றது. விலைக்கு வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள்.

கரையோரன்

நன்றி. நேற்றைய பட்டியலை மறுபடி பார்த்தேன், 0.032இல் தொடங்கி 0.027 வரை இறங்கியிருக்கிறது, 0.029 ஏறக்குறைய நடுவில் வருகிறது. அப்படியானால் அன்றைய மொத்த அளவு 43 லட்சம் என்று கொள்வது சரியா?

பழைய கணக்கர்

பதிவுக் கணக்கில் 43 லட்சம்தான். ஆனால் அந்த 18 லட்சம் பகலிலேயே துண்டு துண்டாக வாங்கப்பட்டோ விற்கப்பட்டோ பதிவாகியிருந்தால், அதே பங்குகள் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும். உண்மையான ஆர்வம் 25 லட்சத்துக்கு அருகில்தான் இருந்திருக்கும். பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து இதைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே அந்த 43ஐ வைத்து நாளைய விலையைக் கணிக்காதீர்கள்.