வேட்டைக் கத்திக்கு எந்த முனை நல்லது? கனடா மாமா கேட்கிறார்

வடமராட்சிப் பொடியன்:

மாமா ஒருவர் ஒன்ராறியோவில் இருக்கிறார். லைசென்ஸ் எடுத்து வருசா வருசம் மான் வேட்டைக்குப் போகிறவர். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன், என்ன கொண்டு வர என்று கேட்டார். மற்றவர்கள் போன் கேட்டார்கள், நான் கத்தி கேட்டேன். மனுசன் சந்தோசத்தில் பதினைந்து படம் அனுப்பி "எந்த வடிவம் என்று நீயே சொல்" என்று விட்டுவிட்டார். டிராப் பொயின்ட், கிளிப் பொயின்ட், தோல் உரிக்கவென்றே வருகிற ஸ்கின்னர், முதுகில் கொக்கி வைத்தது, உடம்பெல்லாம் கோடு ஓடுகிற டமாஸ்கஸ். எனக்குத் தலை சுற்றுகிறது.

நான் வேட்டைக்குப் போகிற ஆள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கிப் பங்கு போடுவோம். கொடியேறி 25 நாளும் மச்சம் இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த கிழமை போடுகிற பங்கு என்றால் சொல்லத் தேவையில்லை. தோல் உரிக்கிறதும் வயிறு கீறுகிறதும் என் பொறுப்பு. போன முறை குசினிக் கத்தியால் கீறும்போது முனை குடலுக்குள் போய்விட்டது. கிணற்றடியில் அரை மணித்தியாலம் கழுவினோம். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு "எனக்கு ஈரல் வேண்டாம்" என்று போனவர்தான், இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

எது கேட்கட்டும்?

பனிக்காட்டான்:

தம்பி, யோசிக்காமல் டிராப் பொயின்ட் கேளுங்கோ. நானும் இங்கே பதினாலு வருசமாக மான் உரிக்கிறேன், கத்தி வாங்கி வாங்கிக் காசைக் கரைத்தபிறகு வந்து நின்ற இடம் அதுதான்.

உங்களுக்கு நடந்தது கை பிழை இல்லை, முனையின் பிழை. குசினிக் கத்தியின் முனை மேல்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், வயிற்றைக் கீறக் கத்தியைத் திருப்பிப் பிடித்தவுடன் அந்த முனைதான் குடலைத் தேடிப் போகும். டிராப் பொயின்ட்டில் முதுகு மெதுவாகக் கீழே வளைந்து இறங்கும், முனை அலகின் நடுக்கோட்டுக்குக் கிட்ட வந்து நிற்கும். அதனால் திருப்பிப் பிடித்தாலும் முனை கீழே குத்தாமல் தோலோடு ஒட்டிப் போகும். இந்த வடிவத்தை வேட்டைக்காரர் மத்தியில் பரப்பினவர் பொப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக்காரர், 2010இல் இறந்துபோனார். இப்போது கடையில் தொங்குகிற வேட்டைக் கத்திகளில் கனக்க அவருடைய வடிவத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான்.

அலகு மூன்றரை அங்குலம், மிஞ்சினால் நாலு. படத்தில் எட்டு அங்குலம் வடிவாகத் தெரியும், ஆட்டின் தொடைக்குள் கையை விட்டால் தெரியும் சங்கதி.

கிளிப் பொயின்ட் என்றால் முதுகின் நுனிப்பக்கத்தைக் கடித்து எடுத்த மாதிரி இருக்கும், முனை ஊசி. 1964இல் வந்த பக் 110 என்ற மடக்குக் கத்தி அந்த வகை, எங்கள் வில்லுக்கத்திக்குப் பெரியண்ணன் என்று வையுங்கோ. எனக்கும் ஒன்று இருக்கிறது, ஆசைக்கு. ஆனால் கொழுப்பும் மயிரும் மடிப்புக்குள் போய்விட்டால் பல்லுக்குச்சியால் தோண்ட வேண்டும்.

கொக்கி வேண்டவே வேண்டாம். முதல் நாள் சிப் இழுத்த மாதிரித் தோலைத் திறக்கும், உண்மை. பிறகு கொக்கிக்குள் மயிர் சிக்கும், மழுங்கினால் தீட்டுக்கல் உள்ளே போகாது, உருண்டை அரம் தேட வேண்டும்.

மாமா கனடா என்றபடியால் இன்னொன்று. நோவா ஸ்கோஷியாவில் பிக்டோ என்ற ஊரில் குரோமன் கம்பனி செய்கிற ரஸல் பெல்ட் கத்தியைப் பார்க்கச் சொல்லுங்கோ. அலகு இலை மாதிரி நீள்வட்டம், பிடி கொஞ்சம் சரிந்து நிற்கும். உரிக்கும்போது மணிக்கட்டு நோகாது.

பட்டறை வீட்டுப் பிள்ளை:

நான் சாவகச்சேரிப் பக்கம். அப்பா கொல்லர், நான் படித்துவிட்டு வேறு வேலை, ஆனாலும் சனி ஞாயிறு பட்டறையில்தான்.

டமாஸ்கஸ் பற்றி மேலே ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோட்டுக்காகக் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு வகை உருக்கை அடுக்கி, அடித்து ஒட்டி, கடைசியில் அமிலத்தில் தோய்த்தால் ஒன்று கறுக்கும், நிக்கல் உள்ளது பளபளக்கும், அவ்வளவுதான் அந்தக் கோலம். வெட்டுக்கு அது ஒன்றும் கூட்டாது. இணையத்தில் மலிவாக விற்கிறதில் என்ன இரும்பு என்று செய்தவனுக்கே தெரியாது. பழைய காலத்து டமாஸ்கஸ் வேறு சாமான், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கின உருக்கில் செய்தது. எங்கள் நாட்டில் சமனலவாவியில் பருவக்காற்றே துருத்தியாக நின்று உருக்கின உலைகளைத் தோண்டி எடுத்து, 1996இல் நேச்சர் என்ற விஞ்ஞான இதழில் எழுதினார்கள். ஆயிரம் வருசத்துக்கு மேற்பட்ட வேலை. அதன் பெயரை எடுத்து இப்போது கோடு போட்டு விற்கிறார்கள்.

கத்திக்குக் கனடா வரை போகத் தேவையும் இல்லை. லொறியின் பழைய வில்லுத்தகட்டில் கார்பன் 0.6 வீதத்துக்குக் கிட்ட இருக்கும், கத்திக்கு நல்ல உருக்கு. படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினால் எந்தப் பட்டறையிலும் அடித்துத் தருவார்கள். நீங்கள் நின்று பார்க்க வேண்டியது இரண்டு இடம். காந்தம் ஒட்டாத சூடு வந்த பிறகு எண்ணெயில் தோய்க்கிறார்களா, பிறகு இளஞ்சூட்டில் திரும்பப் பதப்படுத்துகிறார்களா. இரண்டாவதை அவசரத்தில் விட்டுவிடுவார்கள், அந்தக் கத்தி கல்லில் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். எங்கள் பட்டறையிலேயே ஒருமுறை விட்டு, வாங்கினவர் இரண்டு துண்டையும் கடுதாசியில் சுற்றிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் வைத்தார். அன்றைக்கு எனக்கு விழுந்த ஏச்சு!

பிடிக்குப் பனை வைரம் போடுங்கோ. ஈரக் கையிலும் வழுக்காது, கறுப்பில் மஞ்சள் கோடு ஓடும். டமாஸ்கஸை விட அது வடிவு.

பழைய வில்லுக்கத்தி:

உங்கள் எல்லாருக்கும் வேறு வேலை இல்லை. எங்கள் அப்பு வன்னியில் மரை, பன்றி என்று அந்தக் காலத்தில் எத்தனை உரித்தவர். இப்போது மரை வேட்டை சட்டப்படி கூடாது, சரி, அதை விடுவோம். மனுசனிடம் இருந்தது ஆச்சி ஓலை வாருகிற சத்தகம் அளவில் ஒரு கத்தி. தீட்டித் தீட்டி அலகு சுண்டுவிரல் அகலத்துக்கு வந்துவிட்டது. பேர் என்ன, பொயின்ட் என்ன என்று கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்.

தோலைக் கத்தியால் உரிக்கிறதே பிழை. பின்னங்கால் இரண்டையும் பூவரசங் கொப்பில் கட்டித் தூக்கி, காலைச் சுற்றி ஒரு வெட்டு, தொடையின் உட்பக்கம் ஒரு கீறல். பிறகு கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கைமுட்டியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். சூடு ஆற முந்தி செய்தால் சட்டை கழற்றின மாதிரி வரும். சவ்வு பிடிக்கிற இடத்தில் மட்டும் கத்தி.

பனிக்காட்டான்:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு, கத்தியை வாயில் கவ்வுகிறது தவிர. வயிறு கீறும்போதும் அப்படித்தான், முதலில் சின்னத் துளை, அதற்குள் இடக்கை விரல் இரண்டை விட்டுத் தோலைத் தூக்கி, விரல்களுக்கு நடுவில் அலகை மேல்பார்க்க வைத்துத் தள்ளுங்கோ. குடல் விரலுக்குக் கீழே கிடக்கும்.

வடமராட்சிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. மாமாவிடம் டிராப் பொயின்ட், மூன்றரை அங்குலம், கொக்கி இல்லை என்று சொல்லிவிட்டேன். பனை வைரப் பிடியோடு ஒன்று அடிக்கவும் ஆசை வந்துவிட்டது, பட்டறைத் தம்பிக்கு உள்பெட்டியில் எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்வி, எலும்பை இதே கத்தியால் தட்டலாமா? தோல் உறை ஒன்றும் சேர்த்து வருகிறதாம்.

பட்டறை வீட்டுப் பிள்ளை:

தட்டினால் நானே வந்து பறித்துக்கொண்டு போவேன். எலும்புக்குப் புளியங்குற்றியும் பாரக் கத்தியும். உரிக்கிற கத்தியின் வாய் மெல்லிசு, எலும்பில் பட்டால் பல்லுப் பல்லாகப் போய்விடும். உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் வருசம் முழுக்க உள்ளே போட்டு வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உங்கள் பக்கம் கடற்காற்று வேறு. கழுவி, துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் பூசிப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கோ.

பழைய வில்லுக்கத்தி:

பங்கு எந்தக் கிழமை?