வாடைக்காற்றுக்குக் காரமாக ஒரு காய்கறி சூப்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

தங்கச்சிமடத்து அக்கா:
ஐப்பசி கடைசியில் வாடை பிடித்துவிட்டால் தை வரைக்கும் எங்கள் பக்கம் காற்று ஓயாது. இதைக் குளிர் என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ராத்திரியில் 24, 25 டிகிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் வலை இழுத்துவிட்டு வருகிறவனைக் கேட்டால் வேறு சொல்வான். என் தம்பி கரையேறும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடிப்பான். காபி கொடுத்தால் வயிற்றில் நிற்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் சூப்.

மீன்பிடிக்கிற வீட்டில் காய்கறி சூப்பா என்று கேட்காதீர்கள். காற்று பலமாக வீசினால் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கிடைக்காது, அப்புறம் மீனுக்கு எங்கே போவது? கொல்லையில் முருங்கை நிற்கிறது. மற்ற காயெல்லாம் வெளியிலிருந்து லாரியில் வந்தாக வேண்டும். மழை நாளில் பீன்ஸ் விலையைக் கேட்டால் அதிலேயே உடம்பு சூடாகிவிடும்!

அளவு சொல்கிறேன், நாலு பேருக்கு. ஒரு கீற்று மஞ்சள் பூசணி, ஒரு கேரட், ஒரு தக்காளி, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி எல்லாவற்றையும் வேகவிட்டு, மத்தால் ஒரு கடை கடைந்தால் போதும். சோளமாவு கரைத்து ஊற்றுவதெல்லாம் கடைக்காரர் வேலை. பூசணியும் பருப்பும் தருகிற கெட்டியே நாக்குக்கு நன்றாக இருக்கிறது. பிறகு இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. கீரை போட்ட பிறகு மூடக் கூடாது, மூடினால் நிறம் கறுத்துவிடும். ஒன்றரை ஸ்பூன் மிளகும் ஒரு ஸ்பூன் சீரகமும் ஒன்றிரண்டாக இடித்து, இறக்கும்போதுதான் போட வேண்டும். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் காரம் நிற்கும், வாசம் போய்விடும்.

முதுகுளத்தூர் பக்கம்:
அக்கா, எல்லாம் சரி, குண்டு மிளகாய் எங்கே? 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாயை நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரே விட்டுவிட்டால் எப்படி? எங்கள் வீட்டில் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலையோடு மூன்று குண்டு மிளகாயைக் காம்பு கிள்ளாமல் போட்டுத் தாளிப்போம். காம்பு இருக்கும்வரை விதை வெளியே வராது. எண்ணெயில் உப்பி, பந்து மாதிரி மிதக்கும். காரம் வேண்டியவர் கிண்ணத்திலேயே நசுக்கிக்கொள்ளலாம், வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம்.

போன மார்கழியில் மண்டபத்தில் தங்கச்சி வீட்டுக்குக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை ஒருவர் வந்திருந்தார். ஏதோ குட்டித் தக்காளி என்று நினைத்து முழு மிளகாயையும் கடித்துவிட்டார். கண், மூக்கு, காது எல்லாம் சிவப்பு. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, தயிர்தான் கேட்கும். தயிரைக் குடித்துவிட்டு மனுஷன் கேட்டது என்ன தெரியுமா? "இன்னும் அரைக் கிண்ணம் ஊத்துங்க, மிளகாய் மட்டும் வேண்டாம்."

கீழக்கரை மருமகள்:
எங்கள் மாமியார் வீட்டு வழக்கம் வேறு. காய் வெந்ததும் இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு பட்டை தட்டிப் போட்டு இரண்டாம் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடுவோம். முதல் பால் இறக்கி வைத்த பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். மிளகுக் காரத்தைத் தேங்காய்ப்பால் கொஞ்சம் தணிப்பதால் பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் குடிக்கிறார்கள். சளி பிடித்த நாளில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்பினேன். மறுநாள் வாளி திரும்பி வந்தது, உள்ளே ஒரு கட்டுப் பனங்கிழங்கு.

பாம்பன் புதுக்குடித்தனம்:
அக்கா, நீங்கள் சொன்னபடியே வைத்தேன். மற்றதெல்லாம் வெந்துவிட்டது, பருப்பு மட்டும் முக்கால் மணி நேரமாகியும் முழித்துக்கொண்டு கிடக்கிறது. என்ன செய்ய?

தங்கச்சிமடத்து அக்கா:
வீட்டுக் கிணற்றுத் தண்ணீரா தங்கச்சி? அப்படியென்றால் பருப்பின் மேல் குற்றமில்லை. உப்பு, சுண்ணாம்பு உள்ள தண்ணீரில் பருப்பு சீக்கிரம் மசியாது. அரிசி களைவதற்கும் சேர்த்துக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீரையே எடுத்துக்கொள். இல்லையென்றால் இப்போது பெய்கிற மழையில், முதல் கால் மணி நேரத்தை விட்டுவிட்டுச் சுத்தமான அண்டாவில் பிடித்து, வடிகட்டிக் கொதிக்கவைத்து வை. அதில் பருப்பு பூவாக மலரும். தக்காளியையும் பருப்பு வெந்த பிறகே போடு, புளிப்பு இருந்தாலும் வேகாது. இன்றைக்கு வைத்ததைக் கொட்டிவிடாதே, குக்கரில் ஊற்றி நாலு விசில் விடு. உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடு, கிணற்றுத் தண்ணீரிலேயே பாதி இருக்கும்.