தலையில் தட்டும் கறுப்புக் குருவியும் வராத ஓரியோலும்

மார்க்கம் புதுசு:
எல்லோருக்கும் வணக்கம். போன இலையுதிர் காலத்தில்தான் டொராண்டோ பக்கம் குடிவந்தோம். வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு மழைநீர்க் குளம், கரை முழுக்கச் சம்பங்கோரை. மே பிறந்ததிலிருந்து தோளில் சிவப்புப் பட்டை போட்ட கறுப்புக் குருவி ஒன்று பின்னாலிருந்து வந்து உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போகிறது. மனைவியை விட்டுவிடுகிறது, என்னைத்தான்! என்ன செய்யலாம்?

அப்புறம், தோட்டத்தில் ஓரியோல் என்ற பறவைக்காக ஆரஞ்சும் திராட்சை ஜெல்லியும் வைத்திருக்கிறேன். வருவதெல்லாம் மஞ்சள் கண்ணும் நீள வாலுமாக ஒரு கறுப்புக் கூட்டம்தான். ஊரில் மாங்குயில் பார்த்து வளர்ந்தவன், அதற்கும் ஆங்கிலத்தில் ஓரியோல் என்றுதான் பெயர், அதனால் இந்த ஓரியோல் மேல் ஒரு ஆசை.

கோரைக்கரை அக்கா:
தம்பி, தட்டுவது ரெட்-விங்டு பிளாக்பேர்ட் ஆண். பக்கத்தில் எங்கேயோ கூடு இருக்கிறது. முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள் போல, குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் அவ்வளவு நாள். ஜூலை கடந்தால் அடங்கிவிடும். அதுவரை குடை பிடியுங்கள், இல்லையென்றால் அதைப் பார்த்தபடியே நடங்கள். முதுகைக் காட்டினால்தான் அதற்கு வீரம்.

எனக்கு ஒரு குறை உண்டு. எல்லோரும் அந்தச் சிவப்புத் தோளைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கோரைக்குள்ளே கீழே பாருங்கள். பழுப்பு உடம்பு, மார்பெல்லாம் கோடு, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம். பெரிய சைஸ் ஊர்க்குருவி என்று நினைத்துத் தாண்டிவிடுவீர்கள். அதுதான் பெண். ரூஜ் ஆறு ஏரியில் சேரும் இடத்துச் சதுப்பில் ஒருத்தி கூடு கட்டுவதை நின்று பார்த்திருக்கிறேன். வாயில் ஈர நாரோடு வந்து, ஒரு காலால் ஒரு தண்டையும் மறு காலால் அடுத்த தண்டையும் பிடித்து, கால் அகட்டி நின்றபடியே நாரைச் சுற்றிச் சுற்றி இழுத்து முறுக்கினாள். உள்ளே சேறு பூசி, அதன்மேல் மெல்லிய காய்ந்த புல்லை விரிப்பாள். ஆண் ஒரு நார்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒரு ஆணின் எல்லைக்குள் பல பெண்கள் கூடு கட்டுவார்கள், சில இடங்களில் 15 வரைகூட. ஆனால் மரபணு பார்த்தவர்கள் சொல்வது வேறு: குஞ்சுகளில் கால்பங்கு முதல் பாதிவரை வேறு ஆணுடையவை. ஐயா உச்சியில் உட்கார்ந்து தோளை விரித்துக் கத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆஸ்டின் குமார்:
மஞ்சள் கண் பார்ட்டி காமன் கிராக்கிள். வெயில் பட்டால் தலையில் ஊதா மினுங்கும், விரட்டுவதற்கு முன் ஒரு தடவை அதைப் பாருங்கள். எங்கள் டெக்சஸில் அதன் பெரியண்ணன், கிரேட்-டெய்ல்டு கிராக்கிள். சாயங்காலமானால் மளிகைக் கடை பார்க்கிங் மரங்களெல்லாம் அவர்களுடையதுதான், காரை அடியில் நிறுத்தவே பயம். ஜெல்லியைத் தட்டில் வைக்காமல் சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தொங்கவிடுங்கள். கிராக்கிளின் எடைக்கு அதில் உட்காரத் தோதுப்படாது.

கோரைக்கரை அக்கா:
குமார் சொல்வது சரி. ஜெல்லி கொஞ்சமாகப் போதும், நிறைய வைத்தால் இறகில் ஒட்டும். வெயிலில் புளித்துப்போகும், தினமும் கழுவுங்கள்.

பால்டிமோர் ஓரியோல் இங்கே வருவது மே முதல் வாரத்தில். இப்போது கூடு கட்டும் நேரம், குஞ்சுக்குக் கம்பளிப்பூச்சிதான் வேண்டும், உங்கள் ஆரஞ்சு அதற்கு இரண்டாம்பட்சம். எல்ம், மேப்பிள் மரங்களின் கிளை நுனியில் பை போலத் தொங்கும் கூட்டைத் தேடுங்கள். நம் ஊர்த் தூக்கணாங்குருவியில் நெய்வது ஆண், இங்கே நெய்வது பெண். ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். மங்கலான மஞ்சளாகத் தெரிந்தால் பெண் என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு வயது ஆணும் அப்படித்தான் இருக்கும். பெண்ணோ வயது ஏற ஏற ஆரஞ்சு கூடும்.

மாங்குயிலோடு இதற்கு உறவு கிடையாது. கிராக்கிளும் உங்கள் தலையில் தட்டுபவனும்தான் இதன் சொந்தக்காரர்கள், எல்லாம் இக்டெரிடே என்ற அமெரிக்கப் பறவைக் குடும்பம்.

மார்க்கம் புதுசு:
நன்றி அக்கா. கோடு போட்ட பெண்ணைப் பார்த்துவிட்டேன்! கூடவே இன்னொரு பழுப்புப் பறவை, கோடு இல்லை, தடித்த அலகு. கோரை ஓரத்துக் கிளையில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதுவும் பெண்ணா?

கோரைக்கரை அக்கா:
அது பெண்தான், ஆனால் கவ்பேர்ட். அதுவும் இதே குடும்பம். கூடு கட்டாது, நம் குயில் மாதிரி அடுத்தவர் கூட்டில் முட்டை இடும். 200-க்கும் மேற்பட்ட இனங்களின் கூட்டில் இட்டிருக்கிறது. ஓரியோல் கூட்டில் இட்டால், ஓரியோல் அந்த முட்டையை அலகால் குத்தித் தூக்கி எறிந்துவிடும். பிளாக்பேர்ட் பெரும்பாலும் தன் குஞ்சோடு சேர்த்தே வளர்த்துவிடும்.