மேட்ரிமோனி புரொஃபைலில் "ஹோம்லி" என்று போடலாமா?

கோவை_மல்லி:
தங்கைக்கு வரன் பார்க்கிறோம். அப்பா எழுதிய ஆங்கிலப் புரொஃபைலில் "ஃபேர், ஹோம்லி" என்று இருக்கிறது, நம் பேப்பர் விளம்பரங்களில் காலங்காலமாக வருவதுதானே. அமெரிக்காவில் இருக்கும் சித்தி பையன் பார்த்துவிட்டு "அக்கா, முதல்ல அதை எடு" என்று ஒரே சிரிப்பு, காரணம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். குடும்பப் பாங்கான பெண் என்பதற்கு அதுதானே வார்த்தை?

பாஸ்டன்வாசி:
சிரிக்கத்தான் செய்வான். இங்கே ஒருவரை ஹோம்லி என்றால் பார்க்க சுமார், லட்சணம் பத்தாது என்று அர்த்தம். அசிங்கம் என்று சொல்லக் கூச்சப்படுபவர்கள் சொல்வது. ஆப்ரகாம் லிங்கன் முகத்தைப் பற்றி அவர் காலத்து ஆட்களே இந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். வீடு மாதிரி இதமாக இருக்கும் இடத்தை ஹோமி என்பார்கள், அது வேறு.

தேம்ஸ்_தமிழன்:
இங்கிலாந்தில் அவ்வளவு மோசமில்லை. ஹோம்லி பப் என்றால் ஆடம்பரம் இல்லாமல் சொந்த வீடு போல இருக்கும் இடம், பாராட்டுதான். ஆனால் அந்தக் கெட்ட அர்த்தம் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1634-ல் மேடையேறிய, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'கோமஸ்' நாடகத்தில் வில்லன் ஒரு பெண்ணை மயக்கப் பார்க்கும்போது, சுமாரான முகங்கள்தான் வீட்டோடு கிடக்க வேண்டும், ஹோம்லி என்ற பெயரே அதனால் வந்ததுதான் என்கிற மாதிரி பேசுவான். வீட்டுப்பாங்கு, எளிமை, அப்புறம் சாதாரண முகம் என்று அர்த்தம் நகர்ந்திருக்கிறது.

மெஸ்_டோக்கன்:
அப்போ சென்னையில் தெருவுக்குத் தெரு பிஜி போர்டில் "ஹோம்லி ஃபுட்" என்று இருக்கிறதே? எங்கள் மெஸ்ஸுக்கு அமெரிக்க அர்த்தம்தான் பொருத்தம் 😀

பாஸ்டன்வாசி:
சாப்பாட்டுக்கு இங்கே ஹோம் குக்ட் என்பார்கள்.

கோவை_மல்லி:
சரி, பதிலுக்கு என்ன போடுவது? வருகிற வரன்களில் பாதி வெளிநாடு.

தேம்ஸ்_தமிழன்:
ஃபேமிலி ஓரியன்டட் என்று போட்டால் எங்கேயும் வம்பில்லை. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். நம் ஊர் ஹோம்லியில் வேலைக்குப் போகாது, எதிர்த்துப் பேசாது என்பதெல்லாம் சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. தங்கை என்ன வேலை பார்க்கிறாள், எதில் ஆர்வம் என்று எழுதுங்கள். அந்த "ஃபேர்" எதற்கு, போட்டோதான் இருக்கிறதே?

கோவை_மல்லி:
ஹோம்லியை இன்றைக்கே எடுத்துவிடுவேன். ஃபேரை எடுக்க அப்பா சம்மதிக்க வேண்டுமே, அம்மாவை விட்டுத்தான் பேசவைக்க வேண்டும்.